குவாண்டம் கம்ப்யூட்டர்: எது நிஜம், எது புருடா?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் எழுதித் தரச் சொன்னார். பேசும்போது விட்டுப்போன ஒன்றிரண்டு விஷயங்களைச் சேர்த்திருக்கிறேன்.)



போர்வெல் மோட்டார், லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் தகராறு என்று பேசுவதற்கு எத்தனையோ இருக்கும்போது, இந்த மனுஷன் ஏன் குவாண்டம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். நான் பி.காம். படித்தவன். முப்பத்தாறு வருடம் வங்கியில் குமாஸ்தா. அதில் பெரும்பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிளையில். ராஜபாளையத்திலிருந்து காலையில் பஸ் ஏறி, இரவு கணக்கு டேலி ஆன பிறகு திரும்பி வந்தவன். பௌதிகத்துக்கும் எனக்கும் இருந்த உறவு எஸ்எஸ்எல்சியோடு முடிந்துவிட்டது.

காரணத்தைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர் அனுமதி கொடுத்திருக்கிறார். பெயர் மட்டும் வேண்டாம்.

நான்கு மாதம் முன்பு நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் போனோடு என் வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, நீங்க பேங்க்ல இருந்தவங்க. இத நம்பலாமா, பாத்துச் சொல்லுங்க" என்றார். அதில் ஒரு வீடியோ. பெரிய பதவியில் இருக்கிற ஒருவர் பேசுவது போலவே இருந்தது. குவாண்டம் கம்ப்யூட்டர் தானாகவே ஷேர் வாங்கி விற்குமாம். 21,000 ரூபாய் போட்டால் மாதம் லட்சக்கணக்கில் வருமாம். நான் பார்த்துவிட்டுச் சிரித்தேன். "குவாண்டமாவது, கம்ப்யூட்டராவது! எல்லாம் புருடா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவர் மறுபடி வந்தார். கையில் ஒரு செய்தித்தாள். தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது பற்றி அதில் இருந்தது. "நீங்க புருடான்னு சொன்னீங்க. கவர்மெண்டே ஆறாயிரம் கோடி போட்டிருக்கே அண்ணாச்சி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. குவாண்டம் கம்ப்யூட்டர் இருக்கிறது என்ற பாதியில் நான் தப்பாகச் சொல்லியிருந்தேன். அதனால் அந்த வீடியோ பொய் என்று நான் சொன்ன மறுபாதியையும் அவர் நம்பவில்லை. பணத்தைக் கட்டிவிட்டார். ஒரே வாரத்தில் அது 68,000 ஆகிவிட்டதாகத் திரையில் காட்டியது. அதை எடுக்க வேண்டுமானால் முதலில் வரி கட்டுங்கள் என்றார்கள். ஃபிக்சட் டெபாசிட்டை உடைக்கக் கிளம்பியவரை அவர் மகள்தான் தடுத்து, 1930-க்குப் போன் போட வைத்தாள். கட்டிய பணம் இன்னும் திரும்பி வரவில்லை.

"குவாண்டம் கம்ப்யூட்டர் நிஜம், உங்கள் போனில் இருப்பது பொய்" என்று அன்றைக்கே என்னால் பிரித்துச் சொல்ல முடிந்திருந்தால் அவர் பணம் தப்பியிருக்கும். அந்த உறுத்தலில்தான் நான்கு மாதமாகப் படித்தேன். கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கும் அண்ணன் பேரன் போனில் பாடம் எடுத்தான். புரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

குவாண்டம் கம்ப்யூட்டர் கட்டப் பல வழிகள் இருக்கின்றன. மீக்கடத்திச் சுற்றுகளை வைத்துக் கட்டுவது ஒரு வழி. கூகுளும் ஐபிஎம்மும் போகும் பாதை அது. நான் இன்று சொல்லப்போவது அயனிகளைப் பிடித்து வைத்துக் கட்டும் வழி. ஏன் இது என்றால், சின்னதாக ஒன்று செய்வதற்கும் அதைப் பெரிதாக்குவதற்கும் எவ்வளவு தூரம் என்பது இதில்தான் என் போன்றவனுக்கும் கண்ணால் பார்ப்பது போலத் தெரிகிறது. அந்தத் தூரம் தெரிந்தால் பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஓர் அயனியைப் பிடிப்பது

யிட்டெர்பியம், பேரியம் என்று உலோகங்கள் உண்டு. காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த ஒரு சின்ன அறைக்குள் அந்த உலோகத்தைச் சூடாக்கினால் அணுக்கள் பறக்கும். லேசர் ஒளியால் ஓர் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிட்டால், மிச்சம் இருப்பது அயனி. அதற்கு மின்னூட்டம் இருப்பதால் மின்புலத்தால் அதைப் பிடிக்கலாம்.

ஆனால் சும்மா பிடிக்க முடியாது. அசையாத மின்புலத்தை எப்படி அமைத்தாலும் அயனி ஏதாவது ஒரு பக்கம் நழுவிவிடும் என்று 1842-லேயே ஏர்ன்ஷா என்பவர் நிரூபித்துவிட்டார். குதிரைச் சேணத்தின் மேல் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் மேடு, அதனால் அந்தப் பக்கம் போகாது. இரண்டு பக்கவாட்டிலும் சரிவு, அதனால் உருண்டு விழும். விழுவதற்குள் சேணத்தைத் திருப்பிவிட்டால்? சரிவு இருந்த இடத்தில் மேடு வந்துவிடும். இப்படித் திருப்பிக்கொண்டே இருந்தால் குண்டு நடுவிலேயே நிற்கும். மின்புலத்தை விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை இப்படி மாற்றி மாற்றி அயனியை நிறுத்தும் பொறியை 1950-களில் ஜெர்மனியின் வோல்ஃப்காங் பால் உருவாக்கினார். 1989-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பிடித்த அயனி நடுங்கிக்கொண்டே இருக்கும். அதைக் குளிர வைப்பதும் லேசர்தான். லேசர் என்றால் சுடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒளியின் நிறத்தை மிக நுட்பமாகத் தேர்ந்தெடுத்தால், லேசரை நோக்கி ஓடி வரும்போது மட்டும் அயனி அந்த ஒளியை வாங்கும். எதிரிலிருந்து ஒருவர் தள்ளிக்கொண்டே இருந்தால் ஓட்டம் குறைவது போல அயனி அடங்கிவிடும். வெப்பநிலை, இயற்கையின் அடிமட்டமான தனிச்சுழிக்கு மேலே ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரி என்ற அளவுக்கு இறங்கிவிடும்.

அந்த அயனிக்குள் இரண்டு நிலைகள் இருக்கின்றன. ஒன்றை 0 என்றும் மற்றதை 1 என்றும் வைத்துக்கொள்கிறார்கள். இதற்குப் பெயர் க்யூபிட். ஒரு லேசரை அடித்தால், ஒரு நிலையில் இருக்கும் அயனி பளிச்சென்று மின்னும். மற்ற நிலையில் இருப்பது இருட்டாக இருக்கும். கேமராவில் பார்த்துப் படித்துவிடலாம்.

பார்ப்பதற்கு முன்னால் அது 0, 1 இரண்டும் கலந்த நிலையில் இருக்கலாம் என்பதுதான் விசேஷம். "எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்கும்" என்று வாட்ஸ்அப்பில் வருவது பாதி உண்மைதான். கலந்த நிலையைப் பார்த்தால் ஏதாவது ஒரு விடைதான் கையில் வரும், அதுவும் அதிர்ஷ்டத்துக்கு ஏற்ப. உண்மையான சூட்சுமம் நம் காமர்ஸ் ஆட்களுக்குச் சுலபமாகப் புரியும். ஒவ்வொரு விடைக்கும் போகும் பல பாதைகளும் கூட்டல் குறியோடும் கழித்தல் குறியோடும் வருகின்றன. வரவும் பற்றும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வது போல, தப்பான விடைகளின் பாதைகள் கழிந்துபோய், சரியான விடையின் பாக்கி மட்டும் நிற்கும்படி கணக்கை அமைக்க வேண்டும். எல்லாக் கணக்கையும் அப்படி அமைக்க முடியாது. சில வகைக் கணக்குகளுக்குத்தான் வழி தெரிந்திருக்கிறது. நாளைக்கு எந்த ஷேர் ஏறும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

அயனியின் பெரிய பலம் என்ன தெரியுமா? ஒரே வகை யிட்டெர்பியம் அணு, இங்கே இருந்தாலும் அமெரிக்காவில் இருந்தாலும் துளி வித்தியாசம் இருக்காது. இயற்கையே அச்சடித்துத் தந்தது. தொழிற்சாலையில் செய்யும் பொருள் என்றால் ஒன்றுக்கொன்று கொஞ்சமாவது மாறும். இன்னொரு பலம், ஞாபகம். சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் ஒரே ஓர் அயனி தன் நிலையை ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காப்பாற்றியது என்று 2021-ல் காட்டினார்கள்.

வடம் பிடித்தல்

ஒரு க்யூபிட்டால் கணக்குப் போட முடியாது. இரண்டு பேசிக்கொள்ள வேண்டும். எப்படி?

அயனிகளை வரிசையாக நிறுத்தினால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, தலைமுடியின் தடிமனில் பத்து, இருபதில் ஒரு பங்கு இடைவெளியில் நிற்கும். ஒன்றை ஆட்டினால் எல்லாம் ஆடும். ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரின் வடத்தைப் பிடித்தவர்களுக்கு இது தெரியும். முன்னால் ஒருவர் சுண்டினால் பின்னால் நிற்பவர் கையில் தெரியும். இந்தப் பொது ஆட்டத்தையே தபால்காரனாக வைத்துக்கொள்ளலாம் என்று 1995-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் இருந்த சிராக், ஸோலர் என்ற இருவர் எழுதினார்கள். அயனி 0 நிலையில் இருந்தால் ஒரு விதமாகவும், 1 நிலையில் இருந்தால் வேறு விதமாகவும் லேசர் அதைத் தள்ளும். அந்த ஆட்டம் அடுத்த அயனிக்குச் செய்தியைக் கொண்டுபோகும். அதே ஆண்டிலேயே அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகத்தில் கிறிஸ்டோஃபர் மன்றோவும் டேவிட் வைன்லேண்டும் சகாக்களும் ஒரு பெரிலியம் அயனியை வைத்து முதல் முயற்சியைச் செய்து காட்டினார்கள். வைன்லேண்டுக்கு 2012-ல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

2016-ல் மன்றோவின் மேரிலாந்து ஆய்வகத்தில் ஐந்து அயனிகளை வைத்து, விரும்பிய புரோகிராமை மாற்றி மாற்றி ஓட்டும் சிறு கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். அந்தக் கட்டுரையில் முதல் பெயர் சாந்தனு தேப்நாத்.

சரி, ஐந்தை ஐம்பதாக்கலாம், ஐம்பதை ஐயாயிரமாக்கலாம், வரிசையை நீட்டினால் போதாதா? போதாது. வடத்தில் நூறு பேர் இழுத்தால் ஒரு தாளம் இருக்கும். பத்தாயிரம் பேர் என்றால் ஆளுக்கொரு தாளம். அயனி வரிசையும் அப்படித்தான். எண்ணிக்கை கூடக்கூட ஆட்டங்களின் வகைகளும் கூடி, ஒன்றுக்கொன்று நெருங்கிவிடும். எந்த ஆட்டத்தை மட்டும் தொட வேண்டும் என்று லேசரால் பிரிக்க முடியாது. வேலை மெதுவாகும், தப்பு பெருகும்.

மில்லும் கிளையும்

இங்கே ராஜபாளையத்துக்காரர்களுக்கு ஒரு கேள்வி. ஒரு ஸ்பின்னிங் மில்லைப் பெரிதாக்க வேண்டுமானால் முதலாளி என்ன செய்வார்? ஒரே ரிங் ஃபிரேமை ஊர் எல்லை வரை நீட்டுவாரா? கார்டிங் ஓரிடம், டிராயிங் ஓரிடம், சிம்ப்ளக்ஸ் ஓரிடம், ஸ்பின்னிங் ஓரிடம் என்று பிரித்து, பஞ்சை ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நகர்த்துவார். ரிங் ஃபிரேம்களின் எண்ணிக்கையைக் கூட்டுவார்.

2002-ல் கீல்பின்ஸ்கி, மன்றோ, வைன்லேண்ட் மூவரும் அயனிக்கும் இதைத்தான் சொன்னார்கள். ஒரு சிப்பின் மேல் பல அறைகள். சும்மா இருக்கும் அயனிகளுக்குக் கிடங்கு அறை, கணக்குப் போடத் தனி அறை. மின்னழுத்தத்தை மாற்றி மாற்றி அயனிகளைத் தேவையான அறைக்கு ஓட்டிச் செல்வது. எந்த அறையிலும் கூட்டம் சேராது. குவான்டினியம் என்ற நிறுவனம் இந்த வழியில் போகிறது. அவர்களுடைய இயந்திரம் 2023-ல் 32 க்யூபிட்டோடு வந்தது, 2024-ல் 56 ஆனது. 2025 நவம்பரில் ஹீலியோஸ் என்ற புது இயந்திரம் 98 க்யூபிட்டோடு வந்திருக்கிறது. அதில் பேரியம் கணக்குப் போடும். பக்கத்திலேயே இருக்கும் யிட்டெர்பியம் அதைக் குளிர வைத்துக்கொண்டிருக்கும். நகர்த்தினால் அயனி சூடாகும், அதனால்தான் இந்தத் துணை. கணக்குப் போடும் நேரத்தைவிட நகர்த்துவதற்கும் குளிர வைப்பதற்கும்தான் அதிக நேரம் போகிறது. மில்லில் வேலை பார்த்தவர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது.

ஒரே மில்லுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு சிப்பில் எத்தனை அறை போட முடியும், எத்தனை லேசர் கற்றைகளை உள்ளே விட முடியும்? அதற்கு மேல் என்ன வழி? எங்கள் வங்கி செய்ததுதான். ஒரே கட்டடத்தை உயர்த்திக்கொண்டே போகாமல் கிளைகளைத் திறந்து, அவற்றை இணைப்பது. 2013-ல் மன்றோவும் ஜங்சாங் கிம்மும் இந்தத் திட்டத்தை விரிவாக எழுதினார்கள். ஓரளவுக்கு அயனிகளைக் கொண்ட பெட்டிகள் பல. அவற்றுக்கு இடையே ஒளியிழை. இந்தப் பெட்டியின் அயனி ஓர் ஒளித்துகளை அனுப்பும், அந்தப் பெட்டியின் அயனியும் ஒன்று அனுப்பும். இரண்டு துகள்களும் நடுவில் சந்திக்கும்போது, தூரத்தில் இருக்கும் அந்த இரண்டு அயனிகளும் ஒரே கணக்கில் பிணைந்துவிடும். ஒரு மீட்டர் தூரத்தில் இருந்த இரண்டு அயனிகளை இப்படி 2007-லேயே பிணைத்திருக்கிறார்கள்.

2025 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இரண்டு மீட்டர் தள்ளியிருந்த இரண்டு பெட்டிகளை இணைத்து, ஒரு முழுக் கணக்கையே ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் அந்த இணைப்பு வழியாகச் செய்த செயலின் துல்லியம் 86 சதவீதம். ஹீலியோஸின் ஒரே சிப்புக்குள் இரண்டு அயனிகளுக்கு இடையே நடக்கும் செயலின் துல்லியம் 99.92 சதவீதம்.

இதைப் படித்தபோது நான் தனியாகச் சிரித்தேன். எங்கள் காலத்தில் கிளைக்குள் கணக்கு பைசா சுத்தமாக இருக்கும். கிளைக்கும் கிளைக்கும் நடுவில் போன வரவு செலவுகள்தான் வருடக்கணக்கில் டேலி ஆகாமல் கிடக்கும். அதற்கென்று தலைமையகத்தில் ஒரு பிரிவே இருந்தது. பெரிதாக வளர்கிற எதற்கும் தொல்லை வருவது இணைப்பில்தான் போலிருக்கிறது.

பைசா வித்தியாசம்

99.92 சதவீதம் என்றால் நல்ல மார்க்தானே என்று தோன்றும். கணக்குப் பாருங்கள். பத்தாயிரம் செயலில் எட்டுத் தப்பு. பத்தாயிரம் வவுச்சரில் எட்டுத் தப்பு செய்யும் குமாஸ்தாவை மேனேஜர் பாராட்டலாம். ஆனால் பயனுள்ள பெரிய கணக்குகளுக்கு நூறு கோடிக்கணக்கான செயல்கள் வேண்டும். முதல் சில ஆயிரத்திலேயே கணக்கு கெட்டுவிடும்.

அப்படியானால் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். இங்கே ஒரு வில்லங்கம். க்யூபிட்டை நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் அதன் கலந்த நிலை போய்விடும். பார்க்காமல் எப்படித் திருத்துவது?

என் வயதுக்காரர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு சேவிங்ஸ் லெட்ஜர் பேலன்சிங் போட்டவர்கள் நாங்கள். மொத்தக் கூட்டல் ஜெனரல் லெட்ஜரோடு ஒத்துப்போகாது. வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்ப்போம். மீதியில்லாமல் வகுபட்டால் யாரோ இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கிறார் என்று சந்தேகப்படுவோம். 540 என்பதை 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. வகுபடாவிட்டால், வித்தியாசத்தில் பாதியை எடுத்து அந்தத் தொகையைத் தேடுவோம். பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டிருப்பார்கள். எந்த வாடிக்கையாளரின் கணக்கையும் திறக்காமல், வித்தியாசத்தை மட்டும் வைத்துத் தப்பின் வகையைச் சொல்லிவிடுவோம்.

குவாண்டம் பிழைதிருத்தமும் அந்த ஜாதிதான். பல அயனிகளைச் சேர்த்து, எல்லாவற்றிலும் பரவியிருக்கும்படி ஒரே ஒரு க்யூபிட்டை எழுதுகிறார்கள். "இந்த இரண்டும் ஒத்துப்போகின்றனவா, அந்த நான்கும் ஒத்துப்போகின்றனவா" என்று டேலியை மட்டும் கேட்கிறார்கள். உள்ளே இருக்கும் மதிப்பைக் கேட்பதில்லை. டேலி ஆகாத இடங்களின் வரிசையைப் பார்த்தால் எங்கே தப்பு என்று தெரிந்துவிடும்.

இதற்கு விலை உண்டு. ஒரு நம்பகமான க்யூபிட்டுக்குப் பல சாதாரண க்யூபிட்டுகள் செலவாகும். 2024 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டும் குவான்டினியமும் 30 அயனிகளை வைத்து 4 நம்பகமான க்யூபிட்டுகளைச் செய்து, தப்பு 800 மடங்கு வரை குறைந்ததாக அறிவித்தார்கள். முப்பது போட்டு நான்கு. வட்டிக் கணக்காக இருந்தால் யாரும் பக்கத்தில் வர மாட்டார்கள். ஆனால் இந்தத் துறையில் அது முன்னேற்றம்.

நம் பூட்டு என்ன ஆகும்?

இப்போது நம் பாஸ்புக்குக்கு வருகிறேன். 7 x 13 எவ்வளவு என்றால் 91 என்று உடனே சொல்வீர்கள். 91-ஐ எந்த இரண்டு எண்களின் பெருக்கல் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பீர்கள். அறுநூறுக்கு மேற்பட்ட இலக்கம் கொண்ட எண்ணைக் கொடுத்தால் உலகத்தில் இருக்கிற கம்ப்யூட்டர்களெல்லாம் திணறும். இணையத்தில் பல பூட்டுகள் இந்தக் கஷ்டத்தை நம்பித்தான் இருக்கின்றன. 1994-ல் பீட்டர் ஷோர் என்ற கணித வல்லுநர், குவாண்டம் கம்ப்யூட்டரால் இதை விரைவாக உடைக்க முடியும் என்று காட்டினார். நான் முன்னே சொன்ன, தப்பான விடைகள் கழிந்துபோகும் வகைக் கணக்குகளில் இது ஒன்று.

அப்படியானால் ஆபத்தா? அந்த அளவு எண்ணை உடைக்க 2 கோடி க்யூபிட் வேண்டும் என்று 2019-ல் ஒரு மதிப்பீடு. அதே ஆராய்ச்சியாளர் கிரேக் கிட்னி 2025-ல் 10 லட்சத்துக்கும் குறைவாகவே போதும், ஒரு வாரத்துக்குள் முடியும் என்று எழுதினார். அயனி வகையில் பெரிய இயந்திரமான ஹீலியோஸில் இருப்பது 98. மேலும் அயனிகள் மெதுவானவை, அதே கணக்குக்கு நாள் இன்னும் கூடும். 98 எங்கே, 10 லட்சம் எங்கே?

ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆறு வருடத்தில் இயந்திரம் எதுவும் கட்டாமல், கணக்கு முறையை மாற்றியே 2 கோடி 10 லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. அதனால் வங்கிகளும் அரசுகளும் காத்திருக்க முடியாது. இன்று திருடி வைத்த ரகசியத்தைப் பத்து வருடம் கழித்து யாராவது திறக்கலாமே? லாக்கர் சாவி தொலைந்தால் திருடன் வரும்வரை நாங்கள் காத்திருந்ததில்லை, உடனே பூட்டை மாற்றுவோம். அதுபோல, குவாண்டம் கம்ப்யூட்டராலும் உடைக்க வழி தெரியாத புதுப் பூட்டுகளுக்கான மூன்று தரநிலைகளை அமெரிக்காவின் நிஸ்ட் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. உலகம் முழுவதும் பூட்டு மாற்றும் வேலை தொடங்கிவிட்டது. அது வங்கியின் வேலை. நம் வேலை, போனிலும் வங்கி ஆப்பிலும் அப்டேட் கேட்டால், ப்ளே ஸ்டோர் வழியாக மட்டும் அதைச் செய்துவிடுவது.

நம் நாட்டில்

நண்பர் காட்டிய செய்தி நிஜம். தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 2023 ஏப்ரல் 19 அன்று அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2030-31 வரையிலான திட்டம். எட்டு வருடத்தில் 50 முதல் 1,000 க்யூபிட் வரையுள்ள கம்ப்யூட்டர்களைச் செய்ய வேண்டும் என்பது அதன் குறிக்கோள்களில் ஒன்று. கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் மையம். குவாண்டம் தகவல் தொடர்புக்கு, சி-டாட்டுடன் சேர்ந்து நம் சென்னை ஐஐடி. மற்ற இரண்டு மையங்கள் பம்பாய், டெல்லி ஐஐடிக்கள்.

அயனிகளைப் பிடிக்கும் கை நம் நாட்டிலும் இருக்கிறது. பெங்களூரில் திருச்சிக்காரரான சி.வி. ராமன் 1948-ல் தொடங்கிய ராமன் ஆய்வு நிலையத்தில், அயனிகளையும் குளிர்ந்த அணுக்களையும் ஒரே பொறியில் வைத்து ஆராய்கிறார்கள். புனேயில் ஐயுகா நிறுவனத்தில், ஒரே ஒரு யிட்டெர்பியம் அயனியை வைத்து மிகத் துல்லியமான கடிகாரம் அமைக்கும் வேலை நடக்கிறது. வேலை வேறாக இருந்தாலும் வெற்றிடம், லேசர், மின்புலம் என்று வித்தை ஒன்றுதான். பிளஸ் டூ படிக்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: புரோகிராம் எழுதுகிறவர்கள் மட்டும் இதற்குப் போதாது. கண்ணாடி, பம்ப், மின்சுற்று, நுண்ணிய கடைசல் எல்லாம் தெரிந்தவர்கள் வேண்டும். மில்லும் பட்டறையும் இருக்கிற ஊரில் பிறந்தவர்களுக்கு இது அந்நியமான வேலை இல்லை.

கடைசியாக

நான்கு மாதத்துக்கு முன்பு நண்பருக்குச் சொல்லத் தவறியதை இப்போது உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். குவாண்டம் கம்ப்யூட்டர் நிஜம். ஒரு நல்ல அயனியைப் பிடிப்பது என்றைக்கோ முடிந்துவிட்டது. பல ஆயிரம் அயனிகளைத் தப்பில்லாமல் சேர்ந்து வேலை செய்ய வைப்பது இன்னும் முடியவில்லை. நோபல் பரிசு வாங்கியவர்களும் அவர்கள் மாணவர்களும் முப்பது வருடமாக அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களே 98-ல் நிற்கும்போது, 21,000 ரூபாய் கட்டினால் உங்களுக்காக அந்த இயந்திரத்தை ஓட்டி லாபம் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால், என்ன அர்த்தம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இனி யாராவது "குவாண்டம்" என்று பணம் கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த இயந்திரம், அதில் எத்தனை க்யூபிட்? அது போடும் கணக்கு எது? போட்ட பணத்தை எடுக்க மேலும் பணம் கட்டச் சொல்கிறார்களா? மூன்றாவது கேள்விக்கு "ஆமாம்" என்றால் முதல் இரண்டையும் கேட்கவே வேண்டாம். உடனே 1930-க்குப் போன் போடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் வேறு கணக்குக்குப் போவதற்குள் பணத்தை நிறுத்தப் பார்க்கலாம்.

இன்னொரு வேண்டுகோள், என் போன்ற பெரியவர்களுக்கு. யாராவது நம்பி வந்து கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "இரண்டு நாள் பொறுங்க, விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். அன்று நான் சிரிக்காமல் அதைச் சொல்லியிருக்கலாம்.

அந்த நண்பரும் இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பேச்சை முதலில் அவருக்குத்தான் படித்துக் காட்டினேன். "இப்பப் புரியுது அண்ணாச்சி" என்றார். அது எனக்குப் போதும்.